ஐம்பது காட்டினால் ஐம்பத்தாறு

கிளெமென்டைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் பாதியைத்தான் நம்புவேன். பதினெட்டு வருஷமாக ஆடுகோடியில் அவன் கராஜுக்கும் என் பேட்டரி கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அதனால் இதை நான் சொல்வதுதான் சரி. இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு, அது நல்ல பங்கு அல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவனுக்கு ஐம்பத்து மூன்று வயது. பிரேசர் டவுனில் வீடு. ஞாயிற்றுக்கிழமை மடிப்புக் கலையாத சட்டையில் சர்ச் பூசைக்குப் போவான், மற்ற ஆறு நாளும் உடம்பெல்லாம் கிரீஸ். மனைவி யூனிஸ் பள்ளிக்கூட டீச்சர். கிளெமென்டின் வேலை வண்டிகளை உயர்த்துவது. நாலு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டிகள், பெரும்பாலும் பழைய ஜிப்சி ஜீப்புகள், அவனிடம் வரும். சனி ஞாயிறில் சக்லேஷ்புரம் மலைப் பக்கம் போய்ச் சேற்றில் இறங்கி ஏறுவதற்காக ஆபீஸ் போகிறவர்கள் கொண்டுவந்து விடுவார்கள். ஏன் சேற்றில் இறங்க வேண்டும் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் நமக்கு வயதாகிவிட்டது என்பார்கள்.

ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் தூக்குவான், பெரிய டயர் போடுவான். மூன்று அங்குலம் கேட்டால், "போய் லாரி வாங்கிக்கோ" என்று அனுப்பிவிடுவான். டயரை மாட்டிக் கைகழுவுகிற ஆட்கள் ஊரில் நிறைய உண்டு. இவன் சேஸியில் முட்டுக்கொடுத்து, சக்கரங்களை அந்தரத்தில் தொங்கவிட்டு, மல்லாக்கப் படுத்து, பிரேக் குழாய் எங்கேயாவது இழுபடுகிறதா என்று பார்ப்பான். சக்கரம் தரையில் இருக்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும், தொங்கும்போதுதான் குட்டு வெளிப்படும் என்பான்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தான். பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் ஓடும். மீட்டருக்கு அது தெரியாது, அது சுற்றைத்தான் எண்ணும். ஆகவே உயர்த்திய வண்டியில் முள் ஐம்பது காட்டும்போது வண்டி அதற்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். கிளெமென்ட் ஒவ்வொரு வண்டியையும் ஓசூர் ரோடு மேம்பாலத்தில் ஓட்டி, போன் காட்டும் வேகத்தோடு மீட்டரை ஒத்துப் பார்ப்பான். அந்த எண்ணை எழுத யூனிஸ் பள்ளியிலிருந்து நோட்டுப் புத்தக லேபிள்கள் கொண்டுவந்து கொடுப்பாள். பெயர் என்ற இடத்தில் வண்டிக்காரர் பெயர், வகுப்பு என்ற இடத்தில் 50, பிரிவு என்ற இடத்தில் 55 அல்லது 56. ஓரத்தில் ஒரு முயல் பொம்மை சிரிக்கும். பன்னிரண்டு லட்சம் சம்பளம் வாங்குகிறவர்கள் அந்த முயலை மீட்டருக்குக் கீழே ஒட்டிக்கொண்டு போவதைப் பார்க்க எனக்குக் கொள்ளை சந்தோஷம்.

கழற்றிய பழைய டயரும் பட்டையும் அவன் பரணில் இருக்கும், சாக்பீஸில் பெயர் எழுதி. எதற்கென்றால், பழைய வண்டிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டிய நாளில் பழையதை மாட்டி, இன்ஸ்பெக்டரிடம் காட்டி, திரும்பி வந்து பெரியதை மாட்டிக்கொள்வார்கள். ஆர்.டி.ஓ. கண்ணுக்கு வண்டி பெட்டியிலிருந்து எடுத்தது போல இருக்கும். எங்கள் தெருவில் எல்லோரும் இதைச் செய்கிறோம். யாரும் இதைத் தப்பு என்று நினைத்ததில்லை. கிளெமென்ட் சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லியிருக்க மாட்டான்.

ராகேஷ் ராஜாஜிநகர் ஆள், கம்ப்யூட்டர் வேலை, மரியாதையான கன்னடப் பையன். அவன் ஜிப்சியை மே மாதம் கிளெமென்ட் உயர்த்தினான். ராகேஷ் டாஷ்போர்டுக்குப் புதிதாகத் தோலுறை தைத்து வைத்திருந்தான், அதில் முயல் லேபிளை ஒட்ட மனசு வரவில்லை. "அண்ணா, பேடா, வேண்டாம். எனக்கு போன்ல சொல்லிடுங்க, ஞாபகம் வெச்சுக்கறேன்" என்றான். அன்று சனிக்கிழமை, கோயில் திருவிழாக் கொடியேற்றம், கிளெமென்ட் அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தது. அளந்த எண் ஐம்பத்தாறு. அதைச் சொல்ல மறந்தான். இத்தனை வருஷத்தில் லேபிள் ஒட்டாத ஒரே வண்டி அது.

ஜூன் மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ராகேஷ் அந்த வண்டியோடு வந்து நின்றான். சட்டையில் ரத்தம். முன் பம்பர் லேசாக நசுங்கியிருந்தது.

"அண்ணா, ஒரு அம்மா மேல மோதிட்டேன்."

ஒக்கலிபுரத்தில், காலை ஆறரைக்கு, தெரு கூட்டுகிற ஒரு பெண் ரோட்டைக் கடந்திருக்கிறாள். அவனே அவளைத் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறான். ஓடிப்போகவில்லை, அதைச் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்தில்லை, இடது கால் நொறுங்கிவிட்டது. போலீஸ் லைசென்ஸை வாங்கிக்கொண்டு, சாயந்திரம் ஆறுக்குள் வண்டியை ஸ்டேஷனில் விடச் சொல்லியிருந்தது. மறுநாள் ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பார்ப்பார்.

"எஃப்.சி.க்கு மாத்துவீங்கல்ல, அது மாதிரி இன்னைக்கு ஒரு நாளு பழசை மாட்டிக் குடுங்கண்ணா. பெரிய டயரைப் பாத்தா எல்லாத்தையும் என் மேலயே எழுதுவாங்க. தேவரானே, சத்தியமா நான் ஃபாஸ்டா வரல. ஐம்பதுதான் இருந்துச்சு, மீட்டர பாத்தேன். அந்தம்மாவுக்குத்தான் கண்ணு சரியில்ல. அவங்கள வேலை வாங்குற மேஸ்திரியே சொன்னாரு."

கிளெமென்ட் வண்டியைச் சுற்றிவந்தான். நான் ஏணியைப் போட்டுப் பரணில் ஏறி, ராகேஷ் என்று எழுதிய நாலு டயரையும் கீழே தள்ளிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் ஏறினேன். நண்பனைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கீழே இறங்கியபோது கிளெமென்ட் வண்டிக்குள் தலையை விட்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். ராகேஷை டீக்கு அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னான், "ஐம்பத்தாறு, ராஜா. நான் அவன்கிட்ட சொல்லவே இல்ல."

"ஆறு கிலோமீட்டருக்கு ஏன்டா கலாட்டா?"

"ஐம்பதுல வந்து பிரேக் அடிச்சா எங்க நிக்குமோ, அதே எடத்துல ஐம்பத்தாறுல வந்த வண்டி இருவத்தஞ்சு ஸ்பீடுல போய்க்கிட்டிருக்கும். நின்னிருக்க வேண்டிய வண்டிடா அது."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் மகள் ஜானகி காலேஜில் பிசிக்ஸ் படிக்கிறாள். பிறகு அவளிடம் கேட்டேன். அவளும் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு இருபத்தைந்து என்றுதான் சொன்னாள்.

முதலில் அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றான் கிளெமென்ட். என் ஸ்கூட்டரில் போனோம். பெயர் லட்சுமம்மா, வயது ஐம்பது இருக்கும். வார்டில் இடமில்லாமல் வராந்தாவில் கட்டில் போட்டிருந்தார்கள். மகள் மமதா பக்கத்தில் நின்று அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தாள், கண்ணீர் விட்டபடியே. நாங்கள் வண்டி கராஜ்காரர்கள் என்று மட்டும் சொன்னோம்.

"அந்தப் புள்ளைய ஒண்ணும் பண்ணிடாதீங்கண்ணா, அதுதான் என்னைத் தூக்கியாந்துச்சு" என்றாள் லட்சுமம்மா. "தப்பு என்னுதுதான். இருவத்திரண்டு வருஷமா அந்த ரோட்டைக் கூட்டுறேன். வண்டி தூரத்துலதான் இருந்துச்சு, தாண்டிடலாம்னு கால வெச்சேன். கண்ணு மோசம் பண்ணிடுச்சு."

மேஸ்திரி காலையிலேயே வந்து போயிருந்தான். கண் தெரியாதவளை ரோட்டில் விட முடியாது, கால் சரியானாலும் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனானாம். அவள் அதையும் நியாயம்தான் என்பது போலச் சொன்னாள். பதினாலு வயசில் அம்மாவுக்குப் பதிலாகத் துடைப்பம் எடுத்தவள். கண்ணை நம்பி வாழ்ந்தவளுக்கு அன்று காலை முதல் தன் கண் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. எனக்குக் கால் வலியைவிட அதுதான் பெரிதாகத் தெரிந்தது. கிளெமென்ட் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வெளியே வந்து யூனிஸுக்குப் போன் செய்தான். எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம், அந்த வண்டிக்கு ஏன் லேபிள் ஒட்டவில்லை என்று. பிறகு, ஸ்கூல் விட்டதும் நேராக ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கராஜில் நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடையை மூடிவிடுவார்கள் என்றேன், கேஸில் உன் பெயரும் ஏறும் என்றேன், அவள் காலை உன் பேச்சா ஒட்டவைக்கும் என்றேன். அவன் இறக்கிய டயர்களை ஒவ்வொன்றாகச் சுவரோரம் உருட்டி வைத்தான். ராகேஷுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்னை மாட்டிவிடுறீங்களாண்ணா?"

"உன்னை இல்லப்பா. நீ மீட்டரை நம்புன. மீட்டரை நம்பக்கூடாதுன்னு உன்கிட்ட சொல்ல வேண்டியது நான். அத சொல்லத்தான் போறேன்."

ஸ்டேஷனுக்கு வண்டியைக் கிளெமென்டே ஓட்டினான். பெரிய டயரோடு, இரண்டு அங்குல உயரத்தோடு. யார் மாட்டியது, மீட்டர் எவ்வளவு குறைத்துக் காட்டும், அதை யார் சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். எழுதி வாங்கிய ஏட்டுக்கே புரியவில்லை. "யாக்கப்பா நீனே பந்து ஹேள்தியா?" என்று கன்னடத்தில் இரண்டு தரம் கேட்டார், நீயாகவே வந்து ஏன் சொல்கிறாய் என்று. கிளெமென்ட் பேனாவைத் திருப்பிக் கொடுத்தான். யூனிஸ் பெஞ்சில் திருத்த வேண்டிய நோட்டுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு ஒக்கலிபுரத்தில், கூட்டுகிற பெண்கள் வருகைப் பதிவு கொடுக்கிற இடத்துக்குப் போனான். நானும் போனேன். முப்பது நாற்பது பெண்கள் துடைப்பத்தோடு நின்றார்கள். கிளெமென்ட் மேஸ்திரியிடம், அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். வண்டிக்காரன் ஐம்பது என்று நினைத்து வந்தது ஐம்பத்தாறு, அந்த வண்டியை மாற்றியவன் நான், ஐம்பதில் வந்திருந்தால் அது அந்த அம்மாவுக்கு முன்னாலேயே நின்றிருக்கும், அவர் கணக்கு தப்பில்லை, கண்ணைக் குறை சொல்லி வேலையை எடுக்காதீர்கள். ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்த காகிதத்தின் நகலையும் நீட்டினான். மேஸ்திரி முனகினான். ஆனால் முப்பது பேர் முன்னால் கேட்ட விஷயத்தை அவனால் கேட்காதது போல இருக்க முடியவில்லை. கண் ஆஸ்பத்திரியில் காட்டிச் சீட்டு வாங்கிவரட்டும், பிறகு பார்க்கலாம் என்றான். நான் டயரை இறக்கியதை அங்கே சொல்லியிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது நான் பயந்ததுதான். கிளெமென்டுக்கு நோட்டீஸ் வந்தது, வண்டியை உயர்த்துகிற வேலையை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். கேஸ் இன்னும் நடக்கிறது. சனி ஞாயிறு வண்டிக்காரர்கள் தங்கள் வாட்ஸ்அப் குரூப்பில், ஆடுகோடி கிளெமென்டிடம் போகாதே, போலீஸில் சொல்லிவிடுவான் என்று போட்டார்கள். இப்போது ஆயில் மாற்றுகிறான், பிரேக் கட்டை மாற்றுகிறான். பாதி நாள் ஷட்டர் முழுதாகத் திறப்பதில்லை. அவன் வருத்தப்படுகிறானா என்று கேட்டால், படுகிறான். உத்தமன் மாதிரி சிரித்துக்கொண்டிருக்கிறான் என்றெல்லாம் நான் பொய் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் ஒக்கலிபுரம் போய் லட்சுமம்மாவைப் பார்த்துவிட்டு வருவான். நடந்ததை முதல் வாரமே அவளிடம் சொல்லிவிட்டான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். செப்டம்பரில் ஒரு ஞாயிறு நானும் கூடப் போனேன். ஒற்றை அறை வீடு, அவள் வாசலில் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மமதா எங்களுக்குக் காபி கொடுத்தாள்.

"கண்ணு சீட்டு என்னாச்சும்மா?" என்று கிளெமென்ட் கேட்டான்.

"குடுத்துட்டாங்க. கண்ணுல ஒரு கொறையும் இல்லையாம். வேலை என் பேர்லயே இருக்கு, கூடை துடைப்பம் வெக்கிற ரூம்ல உக்காரச் சொல்லியிருக்காங்க." அவள் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "கண்ணத் திருப்பிக் குடுத்துட்டீங்கண்ணா. கால நான் யார்கிட்ட கேக்குறது?"

ராகேஷ், போலீஸ், டயர் என்று சொல்ல எனக்கு ஆயிரம் இருந்தது.

"என்கிட்டதாம்மா கேக்கணும்" என்றான் கிளெமென்ட்.

அவள் தலையை ஆட்டினாள். காபி ஆறிவிட்டது என்று மமதா வந்து சொன்னாள்.