வேலூர் பஸ்ஸிலிருந்து இறக்கிய ரத்தப் பரிசோதனை

போன வருடம் ஆடி மாதத்தில், எங்கள் ஆரணியில் நடந்தது இது. பட்டுப் புடவைகளுக்கு முந்தானையில் குஞ்சம் கட்டிக் கொடுப்பது என் வேலை. நாள் முழுக்கக் காலை மடக்கி உட்காருவதாலோ என்னவோ, கெண்டைக்கால் அடிக்கடி பிடித்துக்கொண்டது. ரத்த அழுத்தத்துக்கு வேறு மாத்திரை சாப்பிடுகிறேன். அதனால் சிறுநீரகம், உப்புச் சத்து இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவரச் சொன்னார் டாக்டர்.

மறுநாள் காலை ஒரு சின்ன லேபுக்குப் போனேன். பில் போடுவதும் ரத்தம் எடுப்பதும் ஒரே பெண்தான். முப்பது வயதிருக்கும். எழுநூற்றைம்பது ரூபாய் என்றார். சென்னையில் வேலை செய்யும் என் மகன், கம்பெனி மூலமாக எங்களையும் சேர்த்து எடுத்திருந்த இன்சூரன்ஸ் கார்டைப் பெருமையாக நீட்டினேன்.

“இந்தக் கார்டு வெளியில எடுக்கிற ரத்த டெஸ்ட்டுக்குச் செல்லாதும்மா. ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனாத்தான் வரும்” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “இன்னாம்மா இது, லட்ச ரூபாய்க்குச் செல்லுமாம், எழுநூறு ரூபாய்க்குச் செல்லாதாம். ஊரை ஏமாத்துறீங்களா?” என்று நாலு பேர் எதிரில் சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை. கார்டின் பின்பக்கத்தில் இருந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் போன் எண்ணைக் காட்டி, நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றார். கேட்டேன். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். தோற்றுப்போன ஆத்திரத்தில் பணத்தை மேசைமேல் விட்டெறிந்தேன்.

என் கையில் நரம்பு லேசில் கிடைக்காது. முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, “கையை மூடி மூடித் திறங்கம்மா” என்றார். முதல் குத்தில் ரத்தம் வரவில்லை. நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். மறுபடி குத்தி, ஒருவழியாக எடுத்து முடித்தார்.

மதியம் நானும் என் கணவரும் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போனோம். பார்த்ததும் அவர் முகம் மாறியது. ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்புச் சத்து மிக அதிகமாக இருக்கிறதாம். அது திடீரென்று இதயத்தையே நிறுத்திவிடக்கூடுமாம். உடனே ஈசிஜி எடுத்தார். அதில் கோளாறு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும், “இந்த அளவை வெச்சிகினு வீட்டுக்கு அனுப்ப முடியாதுங்க. வேலூர் போய் அட்மிட் ஆயிடுங்க, இப்பவே கிளம்புங்க” என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

என் கணவர் உடனே மகனுக்குப் போன் போட்டார். அவன், “அட்மிட் ஆயிட்டா எல்லாத்தையும் இன்சூரன்ஸ் பார்த்துக்கும், காசைப் பத்தி யோசிக்காதீங்க” என்று தைரியம் சொன்னான். மாற்றுப் புடவையும் கார்டும் ஒரு பையில். வேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நெஞ்சு ஒவ்வொரு முறை துடிக்கும்போதும், அடுத்தது வருமா என்று காத்திருந்தேன். சாவு பயம் என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது.

டிரைவர் ஏறி உட்கார்ந்த நேரத்தில் ஒரு பெண் ஓடி வந்து ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தார். லேப் பெண். நெற்றியெல்லாம் வேர்வை.

“அம்மா, ஜல்தி இறங்குங்க. உங்க ரிப்போர்ட்டு தப்பா இருக்கும்னு நினைக்கிறேன். போன் பேசிகினே இருந்தீங்க, லைனே கிடைக்கல. டாக்டர்கிட்டதான் கேட்டுகினு வந்தேன்.”

“மறுபடியும் பில் போடப் போறீங்களா?” என்று கேட்டார் என் கணவர்.

“ஒரு பைசா வேணாங்க. அரை மணி நேரம் குடுங்க. டாக்டரும் சரின்னு சொல்லிட்டாரு. அதிகமாவே இருந்தா நானே கார் பிடிச்சி வேலூருக்குக் கூட்டிகினு போறேன்.”

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் இறங்கினோம். லேபில் என் பழைய ரத்தக் குழாயை எடுத்துக் காட்டினார். மெஷினில் சுற்றி எடுத்தால் மேலே நிற்கும் தண்ணீர் வெளிறிய மஞ்சளாக இருக்க வேண்டுமாம். என்னுடையது ரோஸ் நிறத்தில் இருந்தது. எடுக்கும்போதே ரத்த அணுக்கள் உடைந்து, உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே கலந்துவிட்டதாம்.

“பட்டையை ரொம்ப நேரம் கட்டி வெச்சிட்டேன். நிறத்தைப் பார்த்துட்டு டெஸ்ட்டை நிறுத்தியிருக்கணும், பார்க்காம வுட்டுட்டேன். ரிப்போர்ட்டு குடுத்தப்புறம்தான் கண்ணுல பட்டுது. என் தப்புதாம்மா.” லேப் முதலாளி பக்கத்தில் இறுகிய முகத்தோடு நின்றிருந்தார். புதிதாக வந்த இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் எதிரிலும் குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். காலையில் அவர் கையைப் பதற வைத்ததில் என் வாய்க்கும் பங்கு உண்டு என்று எனக்கு உறைத்தது. அவர் அதைச் சொல்லவே இல்லை.

இந்தமுறை இன்னொரு கையில், அவசரமில்லாமல், ஒரே குத்தில் எடுத்தார். அந்த அரை மணி நேரம் அவரும் உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை. முடிவு வந்தது. எல்லாம் சரியான அளவில் இருந்தன. டாக்டரும் பார்த்துவிட்டு, பயமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார். என் கணவர் அங்கேயே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

கிளம்பும் முன் நான் லேபுக்குத் திரும்பிப் போய், “நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்கும்மா தெரிஞ்சிருக்கும்?” என்று கேட்டேன்.

“தெரியாதுதான்மா. ஆனா நீங்க அங்க பயந்துகினு படுத்திருப்பீங்க. நான் இங்க உக்காந்து சோறு துன்ன முடியுமா?”

காலையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். “அத்த வுடுங்கம்மா, எழுநூறு ரூபா சும்மாவா?” என்று சிரித்தார்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். வேலூரில் இரண்டு நாள் படுத்திருப்பேன். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று அனுப்பியிருப்பார்கள். கார்டு பணம் கட்டியிருக்கும். எங்கள் கையைவிட்டு ஒன்றும் போகாததால், ஏன் எதற்கு என்று நாங்களும் கேட்டிருக்க மாட்டோம். உயிர் பிழைத்ததாக நினைத்துக் கோயிலுக்குப் போயிருப்போம். அவருடைய தவறு எவர் கண்ணுக்கும் படாமல் அந்தக் குழாயோடு குப்பைக்குப் போயிருக்கும்.

தவறு செய்துவிட்டு மறைந்து ஓடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். செய்த தவறைச் சொல்வதற்காக மூச்சிரைக்க ஓடி வந்த ஒருவரை, என் வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான் பார்த்தேன்.