எதிர்வீட்டுப் படி

பழைய திருவனந்தபுரத்துப் படங்களைக் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள், நாங்கள் வளர்ந்த வலியசாலைத் தெருவும் அதில் உண்டு என்று கேள்விப்பட்டதிலிருந்து அக்கா என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. கரமனையிலிருந்து பஸ் பிடித்துப் போனோம். அவளுடைய அவசரம் எனக்கும்தான் இருந்தது. நான் தொட்டிலில் கிடந்தபோதே அப்பா போய்விட்டார். வீட்டில் இருந்த ஒரே கல்யாணப் படமும் செல்லரித்துப் போயிற்று. அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

மாட்டுவண்டிகள், சாலைக் கடைத்தெருவின் சாக்கு மூட்டைகள், குடை பிடித்த பெண்கள் எல்லாவற்றையும் தாண்டிப் போய் அக்கா ஒரு படத்தின் முன் நின்றாள். சுவரோடு சுவராக ஓட்டு வீடுகள், வலது ஓரத்தில் தெருக்கோடிக் கோவில். ஒரு வாசற்படியில் வேட்டி கட்டிய ஒருவர், விரித்த பேப்பருக்குப் பின்னால் முகம் மறைந்து உட்கார்ந்திருந்தார்.

"அப்பாவாக்கும்," என்றாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இதற்கா இத்தனை ஆசையோடு வந்தோம்? போதாக்குறைக்கு வீடே எங்களுடையதில்லை. அந்தத் தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சு, யாரும் ஏமாறலாம். நான் ஏமாறவில்லை.

"நம்மாத்தைப் பார்த்துண்டு நின்னா கோவில் இடதுகைப் பக்கம்னா வரணும்? இதுல வலது பக்கம் இருக்கே. இது எதிர்வரிசை, அக்கா. வேற யாரோ."

"எதிராத்துப் படிதான். நான் இல்லேன்னேனா?" அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "நம்மாத்துல ஏது பேப்பர்? எதிராத்துலதான் வரும். அப்பா குளிச்சுட்டு நேரே அங்கதான் போவா. படியிலேயே உக்காந்து வாசிப்பா. வாசிக்கறப்போ கால் பெருவிரலை ஆட்டிண்டே இருப்பா."

குனிந்து பார்த்தேன். ஓடு, தூண், செருப்பு எல்லாம் தெளிவாக இருந்தன. வலது கால் பெருவிரல் மட்டும் அசைந்து கலங்கியிருந்தது.

"முகம் தெரியலையே," என்றேன்.

"எனக்கும் முகம் சரியா ஞாபகமில்லைடா. இதுதான் ஞாபகம். நம்மாத்து வாசல்ல நின்னு பார்த்தா இப்படித்தான் இருப்பா."

அப்படியானால் படமெடுத்தவர் நின்றது எங்கள் வாசலில். அக்காவைக் கொஞ்சம் நகரச் சொல்லி, அவள் நின்ற இடத்தில் நின்றுகொண்டேன். எங்கள் வீட்டு வாசலிலிருந்து அப்பாவைப் பார்த்தேன்.