மூன்று முறை எழுப்பிய டிரைவர்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: ரத்தக்காட்டேரிகள் ஒருவரையொருவர் சுட்டுத் தீர்த்துக்கட்டும் செல்போன் ஆட்டத்தில், அங்கியின் அழகைப் பார்த்துத்தான் நான் ஆளைத் தேர்ந்தெடுப்பேன். எல்லா ஆட்டத்திலும் முதல் சாவு என்னுடையது.

திருவொற்றியூரில், துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்த கண்டெய்னர் வரிசையில், என் லாரிக்கு முன்னால் நின்ற வண்டியின் டிரைவர்தான் அன்று எனக்கு ஜோடி. நரைத்த முறுக்கு மீசை, நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி. ஆடுவதற்கு முன் கட்டைவிரல்களில் கேரம் பவுடர் பூசிக்கொள்வார். அவர் வண்டி நிழலில் உட்கார்ந்து ஆடினோம்.

மலைமாதிரி உடம்பும் சிவப்பு அங்கியுமாக நின்ற அடியாளை நான் எடுத்தேன்.

"இன்னா நைனா, மாப்ள அழைப்புக்கா போற?" என்றவர், விழுந்தவர்களை எழுப்பும் வைத்தியக்காரியை எடுத்தார்.

"இம்மாம் பெரிய மீசைய வெச்சுகினு நர்ஸாண்ணே?"

"மூடிகினு ஆடு."

கடைசியில் எங்களுக்கு எதிரே ஒரே ஜோடிதான் மிச்சம். ஜென்மத்தில் எனக்கு முதல் வெற்றி வரப்போகிறது! ஓடினேன், விழுந்தேன். வந்து எழுப்பினார். மறுபடி விழுந்தேன், மறுபடி எழுப்பினார். மூன்றாவது முறை எழுப்பியதும் எதிரிகள் இருவரும் என்மேலேயே சுட்டுத்தள்ள, அவர் பின்பக்கமாகச் சுற்றிப்போய் இரண்டு பேரையும் சாய்த்தார். நான் போட்ட கூச்சலில், வரிசை நகர்கிறதென்று நினைத்துப் பின்னால் நாலு லாரிகள் ஹாரன் அடித்தன.

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"நான் எடுத்த ஆளுதான் பெஸ்ட்டு, இல்லண்ணே? இல்லாங்காட்டி உசுரப் பணயம் வெச்சு மூணு வாட்டி எழுப்பியிருப்பீங்களா?"

அவர் நிமிராமலே சொன்னார்:

"நீ எய்ந்து நின்னாத்தானே நைனா அவனுங்க உன்னச் சுட்டுகினு இருப்பானுங்க."