அடிச்சா பூடுது சார்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினீயராக இருந்தேன். கூடப் படித்தவர்கள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். நானும் பாஸ்போர்ட் எடுத்துவிட்டு, எனக்குத் தெரியாததே இல்லை என்று திரிந்தேன். வேலையில் கெட்டிக்காரன்தான், அதில் சந்தேகம் வேண்டாம்.

புத்தூரில் ஒரு பார்சல் ஆபீஸ். நகரி தறித் துணி மூட்டைகளுக்கு ரசீது போடும் டெர்மினல், அதாவது கம்ப்யூட்டரோடு இணைத்த திரையும் கீபோர்டும், பழுதாக, புதிது மாற்றிக் கொடுத்தோம். மறுநாளே அங்கிருந்த ஆபரேட்டர் பெண் போன் செய்தார். கார்வேட்டிநகரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர், வேலைக்குப் புதிது.

"சார், அடிச்சா எல்லாம் பூடுது சார்."

"மெதுவா பாத்து அடிங்கம்மா" என்று வைத்துவிட்டேன்.

மூன்று நாளும் அதே போன், அதே பதில். நாலாம் நாள் பார்சல் ஆபீஸ் முதலாளியே போனில், இந்தப் பெண்ணுக்கு டைப்பிங் தெரியாதா என்று தெலுங்கில் கேட்டார், "ஈ அம்மாயிகி டைப்பிங் ராதா சார்?" கொஞ்சமும் யோசிக்காமல், "ராது சார்" என்றேன். தெரியாது என்று நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் அந்தப் பெண்ணின் வேலை போவதாக இருந்தது.

"திங்கக்கிழமைலேர்ந்து வர வேணாம்னுட்டாரு சார். ஒரு தபா நேர்ல வந்து பாருங்க" என்றார் அந்தப் பெண். அவர் தப்பை நிரூபித்துக் காட்டலாம் என்றுதான் பஸ் ஏறினேன்.

என் எதிரிலேயே டைப் செய்தார். அம்மாடி, என்னைவிட வேகம்! "எழுதிக்கினு போறப்ப ஒண்ணும் ஆவல சார். தப்பா உழுந்த எழுத்தை அடிக்கிறேன் பாருங்க" என்று அழிக்கும் கீயைத் தட்டினார். ரசீது மொத்தமும் மறைந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோட்டில் தப்பைக் கோடு போட்டு அடிப்போமே, அந்த 'அடி'யை அவர் சொல்லியிருக்கிறார். நான் டைப் அடிப்பதாக எடுத்துக்கொண்டேன். பழைய டெர்மினலில் அந்தக் கீ 'பேக்ஸ்பேஸ்' அனுப்பும். புதியது 'டெலீட்' அனுப்பியது. எங்கள் கம்ப்யூட்டருக்கோ டெலீட் வந்தால் வேலையை அப்படியே நிறுத்திவிடு என்று அர்த்தம். டெலீட் வந்தால் எழுத்தை அழி, நிறுத்துவதற்குக் கண்ட்ரோல்-சி என்று ஒரே வரியில் மாற்றினேன். சரியாகிவிட்டது.

முதலாளியிடம் போய், எல்லார் முன்னாலும், "தப்பு நாதி சார்", தப்பு என்னுடையது என்றேன். அந்தப் பெண் நன்றி சொல்லவில்லை. "மூணு நாளா இதத்தானே சார் சொல்லிக்கினு இருந்தேன்" என்றார். வெட்கமாக இருந்தது.

அமெரிக்காவும் போய் வந்துவிட்டேன், என் தொழிலில் எனக்கு இன்றும் குறையாத நம்பிக்கை உண்டு. ஆனால் போனில் யார் குறை சொன்னாலும், "எந்தக் கீயை அமுக்கினீங்க?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் நான் பேசுவதில்லை.