அவருக்குரிய நாலு கட்டை

ஞானசிகாமணி அவர்கள் காலமான செய்தியை, அருமனையிலிருந்து பஸ்ஸில் வந்த அவருடைய மைத்துனர் சொன்னார். நான்கு நாள் காய்ச்சலாம். அவர் ஆசிரியராக இருந்த பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள், கடைத்தெருவையும் சாத்திவிட்டார்கள் என்றார். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, பொறாமை. என் சாவுக்கு எவன் கடையைச் சாத்தப் போகிறான் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாகர்கோவிலில் நாங்கள் ஒன்றாகக் கல்லூரியில் படித்தோம். அங்கே மாணவர் நாடகக் குழு ஒரு வேடிக்கையான காதல் நாடகம் போட்டது. அரண்மனையை விட்டு ஓடிவந்த இளவரசன் ஒரு பூக்காரியிடம் மனதைப் பறிகொடுத்து, அவளிடமே வேலைக்குச் சேர்ந்து திட்டு வாங்கும் கதை. பேச்சைவிடப் பாட்டு அதிகம். இளவரசன் வேஷத்துக்கு நான் தலைகீழாக நின்றேன். அது சிகாமணி அவர்களுக்குப் போயிற்று. மீசை அரும்பாத முகம் என்று எனக்குச் சேலை கட்டிவிட்டார்கள். யாரைப் பார்த்து வயிறெரிந்தேனோ அவரையே பார்த்து ஒன்றரை மாதம் காதல் பாட்டுப் பாடினேன்.

ஜோடிப் பாட்டு என்றால் இளவரசன் சுருதிக்குத்தான் ஆர்மோனியம் வைப்பது வழக்கம். அவருக்கு நாலு கட்டை. அதற்கு மேல் அவர் குரல் எட்டாது. எனக்கு அஞ்சு கட்டை அநாயாசம். நாடகத்தன்று ஆர்மோனியக்காரரிடம் போய், "சிகாமணி இன்னைக்கு அஞ்சு வைக்கச் சொன்னான்" என்று பொய் சொன்னேன். சபை நடுவே அவர் குரல் உடைய வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

சுருதி கேட்டதும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பூக்கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "அம்மணி, வேலைக்காரன் பாடலாமா? என் பாட்டையும் தாங்களே பாடிவிடுங்கள்" என்றார். கொட்டகையில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. இருவர் பாட்டையும் நானே பாடினேன். ஒன்ஸ்மோர் கேட்டார்கள், மறுபடியும் பாடினேன். ஆனாலும் மறுநாள் ஊர் பேசியது அந்தப் பூக்கூடையைத்தான்.

வேஷம் கலைக்கும்போது தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"ஒனக்க தொண்டைக்கு அஞ்சுதான் மக்கா சேருகு. எங்கிட்ட நேர கேட்டிருந்தா வேஷத்தையே விட்டுத் தந்திருப்பேன்லா" என்றார்.

இதை அவர் வேறு யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பொறுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் பத்து ஆண்டுகள் இருந்தன. நான் கேட்கவில்லை.

தேவாலயத்தில் நடந்த அடக்க ஆராதனையில் அவருடைய மனைவி என்னிடம், "நீங்கதான் பாடணும் அண்ணே. ஒங்க பாட்டப் பத்தி அவிய பேசாத நாளில்ல" என்றார். கோயில் ஆர்மோனியக்காரருக்கு என் குரல் பழக்கம்.

"அஞ்சு வைக்கட்டா?" என்று கேட்டார்.

"நாலு வையும்" என்றேன்.

இரண்டாம் அடியில் என் குரல் உடைந்தது. அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். நான் சவப்பெட்டியைப் பார்த்தேன். என்னைக் காப்பாற்ற அவர் எழுந்து வரவில்லை.

போய் வாருங்கள், சிகாமணி. அன்று சுருதியை மாற்றச் சொன்னவன் நான்தான்.