நாலு போல்ட்டும் ஒரு கொக்கியும்

எங்கள் ஜீப்பின் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய வாரம் அது. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ட்ரெய்லர் கொக்கியைக் கழற்றிவிட்டு, அதே ஓட்டைகளில் பழைய பம்பரை மாட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் ஏஜென்ட். திங்கட்கிழமை காலை வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்ட வேண்டும். தேறாவிட்டால் பழைய இரும்புக் கடைதான் என்று என் மனைவி எப்போதோ முடிவு செய்துவிட்டாள். அவள் நர்ஸ். எது பிழைக்கும், எது பிழைக்காது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள்.

எனக்கோ அந்த ஜீப் மேல் உயிர். ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் ஆவதற்கு முன், விரிஞ்சிபுரம் பக்கத்து ஊர்களில் உப்பு தடவிய பச்சைத்தோல் வாங்கி, ட்ரெய்லரில் ஏற்றி, பதனிடும் தோல்ஷாப்புக்கு இழுத்துப் போனது அதில்தான். அந்த நாட்களில் சொந்தக்காரர்கள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் எங்கள் வீட்டுக்கு வருவார்கள்.

அரை மணி நேர வேலை என்று சனிக்கிழமை காலை அறிவித்தேன். மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னாள் மனைவி. நாலு போல்ட்டுக்கு மெக்கானிக்கா என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

போல்ட்டுகள் துருவேறி ஊதிக் கிடந்தன. ஊரில் எல்லோரும் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். நான் தோல்காரன் ஆயிற்றே. மாட்டுத்தோலையே பட்டாக்கும் எண்ணெயை ஒரு பாட்டில் கேட்டு வாங்கி வந்து ஊற்றினேன். அது தண்ணீரோடு கலப்பதற்கென்றே செய்த எண்ணெய், துருவுக்குள் இறங்காது என்பது அன்றைக்கு மட்டும் மறந்துவிட்டது. போல்ட் பளபளத்தது, அசையவில்லை. பிறகு ஸ்பானரில் ஒரு நீள பைப்பைச் செருகி, அதில் தொங்கினேன். முதல் இரண்டும் முனகிக்கொண்டே வந்தன. மூன்றாவது திடீரென்று லேசாகச் சுற்றியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். தலை மட்டும் கையோடு வந்திருந்தது, உடம்பு சேசிஸுக்குள்ளேயே தங்கிவிட்டது. அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். நாலாவதையும் உடைத்துவிட்டுத்தான் ஓய்ந்தேன். கொக்கியோ துருவில் ஒட்டிக்கொண்டு இடத்தைவிட்டு நகரவில்லை.

அந்தக் கொக்கியை மாட்டியது லாங் பஜார் பக்கத்தில் ஒரு கடை. மட்டமான போல்ட், ஏமாற்று வேலை என்று அன்று முழுக்க அந்தக் கடைக்காரரைத் திட்டினேன். மறுநாள் சர்ச் வாசலிலும் நின்று திட்டினேன். அன்றைய பிரசங்கம் மன்னிப்பைப் பற்றியது.

ஞாயிறு மதியம், மனைவி கூப்பிட்டு, ஆற்காட்டிலிருந்து மெக்கானிக் வெல்டிங் மெஷினோடு வந்தார். என் வேலையைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. அதுவே ஒரு மாதிரி இருந்தது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கொக்கியைச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினார். அது கழன்று விழுந்தது. ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் கறுப்பாக ஒரு வட்டம் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, தோலு. இரும்புக்கு நடுவுல இத எவன் வச்சான்? உப்புத்தண்ணிய குடிச்சுக் குடிச்சு போல்ட்டயே தின்னுட்டு இருக்குது."

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ட்ரெய்லர் கட்டினால் கொக்கி கடகடவென்று சத்தம் போடும். அதை நிறுத்த, கெட்டியான தோலை வட்டமாக வெட்டி, நாலு போல்ட்டிலும் வாஷராகக் கோத்தது நான்தான். இரும்பு செய்யாததை நம்ம தோல் செய்யும் என்று மனைவியை வெளியே கூப்பிட்டுக் காட்டியதும் நான்தான்.

"தெரியல. லாங் பஜார் கடைல மாட்டுனது" என்றேன்.

மனைவி டீ டம்ளர்களோடு பின்னால் நின்றிருந்தாள்.

உடைந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்தார் மெக்கானிக். சூடு கொஞ்சம் அடங்கியதும் ஸ்பானரைப் போட்டு முன்னும் பின்னுமாக, குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி ஆட்டினார். துண்டு வந்துவிட்டது. இன்னொன்றுக்கு இரண்டு முறை வெல்டிங் அடிக்க வேண்டியிருந்தது. பம்பரைத் தூக்கிப் பிடித்தபோது அது பழசு, சத்தம் வரும் என்றார்.

"வரட்டும் தம்பி" என்றாள் மனைவி. "இரும்பு வாஷரே போட்டு, நீயே முடுக்கிட்டுப் போ. இவர் கிட்ட விட்டா திரும்பவும் தோல் வெட்ட உக்காந்துடுவாரு."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை ஜீப் தேறிவிட்டது. எனக்குக் கண் கலங்கியது என்பதை மறைக்கப் போவதில்லை. திரும்பும் வழியெல்லாம் பம்பர் கடகடத்துக்கொண்டே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, சத்தம் கேக்குதா?"

"ஒன்னும் கேக்கல" என்றேன்.