மாடி வெயிலில் பொங்கிய மாவு

ஆறாவது மாதத்தில் என்னைப் படுக்கச் சொல்லிவிட்டார்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, பாத்ரூமுக்குப் போய்வருவதைத் தவிர எழுந்திருக்கவே கூடாது என்றார் டாக்டரம்மா. எனக்கு முதலில் தோன்றியது, நாளைக்கு லேபில் யார் ரத்தம் எடுப்பார்கள் என்பதுதான். ஏழு வருடமாக ஒரு பரிசோதனைக்கூடத்தில் காலையிலிருந்து ஊசியும் கையுமாக நின்றவள் நான். திடீரென்று ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும் மட்டும் என்றாகிவிட்டது.

என் கணவருக்கு வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் வேலை. விடிந்ததும் கிளம்பிவிடுவார். அத்தை ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, எனக்குச் சாப்பாட்டை எடுத்துவைத்துவிட்டு, எட்டரைக்குப் புறப்படுவார். அதற்குப் பிறகு வீட்டில் நானும் மாமாவும்தான். மாமா பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். எஞ்சின் சத்தத்திலேயே இருந்ததில் இடது காது கொஞ்சம் மந்தம். அதனாலோ என்னவோ பேச்சும் குறைவு. கல்யாணமாகி நாலு வருடத்தில் நாங்கள் இருவரும் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரம் தேறாது.

படுத்தே கிடந்தால் பகல் ஒரு மாதிரி குழைந்துபோய்விடும். ஜன்னலில் மலைக்கோட்டையின் ஒரு ஓரம் தெரியும். காலையில் அந்தப் பாறை சாம்பலாக இருக்கும், கண்ணை மூடித் திறந்தால் மஞ்சளாக இருக்கும், இன்னொரு தடவை திறந்தால் அதன் மேல் சாயங்காலம் வந்திருக்கும். நடுவில் தூங்கினேனா, விழித்துத்தான் இருந்தேனா என்று எனக்கே தெரியாது. மின்விசிறி சுற்றுகிற சத்தத்தில் பஸ் ஓடும், மழை பெய்யும், யாரோ என்னைக் கூப்பிடுவார்கள்.

மசக்கையும் விடவில்லை. எந்த வாசமும் ஆகாது. தாளிக்கிற வாசம், சோப்பு வாசம், எல்லாமே குமட்டும். நிலக்கோட்டை மல்லியைக் கூடையில் வைத்துக்கொண்டு பூக்கார அக்கா தெருவில் போனால், ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கத்துவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் பிரியாணிக்கு மசாலா வறுத்துக்கொண்டிருந்தார். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். அத்தனை நெடிக்கு நடுவில் ஒரு வாசம் மட்டும் தனியாகப் பிரிந்து என்னிடம் வந்தது. அது குமட்டவில்லை. கொஞ்சம் இனிப்பாக, மரமும் வெயிலும் கலந்த மாதிரி இருந்தது. பட்டை. ஒரு துண்டு கேட்டு வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்கு அப்புறம் நன்றாகத் தூங்கினேன்.

அத்தைக்கு அது தெரிந்ததும் பிடிக்கவில்லை. பட்டை சூடு, வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ஆகாது என்றார். அவர் பட்டியலில் பப்பாளி, அன்னாசி, எள்ளு எல்லாம் ஏற்கெனவே இருந்தன. இதுவும் சேர்ந்தது. நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். சாப்பாட்டில் சேர்க்கிற அளவுக்குக் கொஞ்சம் என்றால் ஒன்றும் செய்யாது என்று சிரித்தார். அதை அத்தையிடமும் சொன்னேன். மறுநாள் அஞ்சறைப்பெட்டியிலிருந்த பட்டை அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. வீட்டையும் பள்ளிக்கூடமாகத்தான் நடத்துகிறார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் போனில் அந்த வீடியோ வந்தது. எந்த நாட்டுக்காரி என்று தெரியாது. வாயே திறக்காமல் ஒருத்தி மாவைப் பாய் மாதிரி விரிக்கிறாள், வெண்ணெய் தடவுகிறாள், சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவுகிறாள், சுருட்டி வட்டம் வட்டமாக வெட்டுகிறாள். அடுப்பும் இல்லை, ஓவனும் இல்லை. எலக்ட்ரிக் பிரஷர் குக்கருக்குள் வைத்து மூடுகிறாள். திறக்கும்போது எல்லாம் உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சின்னமன் ரோல். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்ப்பேன். அவள் சுருட்டச் சுருட்ட எனக்குக் கண் சொருகும். மிச்சத்தைக் கனவில் நானே சுருட்டுவேன்.

அப்படி ஒரு மத்தியானம் மாமா கஞ்சியோடு வந்தவர், கையில் டம்ளரை வைத்துக்கொண்டே வீடியோ முடியும்வரை நின்று பார்த்தார். இது என்ன என்று கேட்டார். சொன்னேன். இந்த மாதிரிக் குக்கர் ஒன்று பரணில் கிடக்கிறதே என்றார். ஆமாம், என் கல்யாணத்துக்கு லேபில் எல்லோரும் சேர்ந்து கொடுத்தது. விசில் அடிக்காத குக்கரை எப்படி நம்புவது என்று அத்தை பெட்டியைப் பிரிக்கவே விடவில்லை.

மறுநாள் அத்தை கிளம்பிய கையோடு மாமா ஏணியை எடுத்துப் போட்டார். பெட்டியை இறக்கித் துடைத்து, குக்கரைக் கொண்டுவந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் தையல்மெஷின் பலகைமேல் வைத்தார்.

“நீ படுத்துக்கிட்டே சொல்லு தாயி. நான் செய்யுறேன்.”

அவர் தோசைகூட ஊற்றி நான் பார்த்ததில்லை. பேக்கரிச் சாமான் விற்கிற கடைக்குப் போய் ஈஸ்ட் வாங்கிவந்தார். மைதா, பால், வெண்ணெய், நாட்டுச்சர்க்கரை. பட்டைக்காக அத்தையின் மேல்தட்டுக்கும் அவர் கைதான் எட்டியது. பாலை வெதுவெதுப்பாகச் சுடவைத்து ஈஸ்டைப் போடுங்கள், விரல் பொறுக்கிற சூடு போதும் என்று கட்டிலிலிருந்து சொன்னேன். சமையலறையிலிருந்து, பொறுக்குது, பொறுக்குது என்று குரல் வந்தது. பிசைந்த மாவைக் குக்கரில் வைத்து, தயிர் உறையவைக்கிற பொத்தானை அமுக்கிவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். திறந்து பார்த்தால் வைத்த மாதிரியே கல்லாக இருந்தது.

லேபில் வேலை பார்த்தவளுக்கு என்ன நடந்திருக்கும் என்று தெரியாதா? கையைக் காட்டச் சொன்னேன். முப்பத்தைந்து வருடம் ஸ்டியரிங் பிடித்த கை. உள்ளங்கையும் விரல் நுனியும் தடித்து, தோல் செருப்பு மாதிரி இருந்தது. கொதிக்கிற பால்கூட அந்த விரலுக்கு வெதுவெதுப்புத்தான். ஈஸ்ட் பாலிலேயே செத்துவிட்டது. நான் சொன்னதும் அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கல்மாவைச் சப்பாத்தியாக்கி அத்தை வருவதற்குள் இருவரும் சாப்பிட்டு முடித்தோம்.

அடுத்த வாரம் மறுபடி ஆரம்பித்தோம். இந்தத் தடவை பால் டம்ளர் கட்டிலுக்கு வந்தது. நான் விரலை விட்டுப் பார்த்து, இன்னும் ஆறட்டும், இன்னும் கொஞ்சம் என்று சொல்லி, கடைசியில் சரி என்றேன். ஈஸ்ட் போட்ட பால் நுரைத்து மேலே வந்தது. அதை என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். மாவையும் என் கண்ணெதிரிலேயே தரையில் உட்கார்ந்து பிசைந்தார். இரண்டு கையாலும் பிடித்து, பெரிய வளைவில் வண்டியைத் திருப்புகிற மாதிரி, அவசரமே இல்லாமல் மாவைத் திருப்பினார். பார்த்துக்கொண்டே நான் தூங்கிப்போனேன்.

விழித்தபோது மின்விசிறி நின்றிருந்தது. குக்கரில் எழுத்தும் அணைந்து கிடந்தது. அன்றைக்கு மாதாந்திர மின்தடை. பேப்பரில் போட்டிருந்ததை இருவருமே பார்க்கவில்லை. நாலு மணிக்கு முன்னால் கரண்ட் வராது என்று பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு வந்தார் மாமா. இதுவும் வீண் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் குக்கருக்குள்ளிருந்த மாவுப் பாத்திரத்தை எடுத்து, ஈரத்துணியால் மூடி, மாடிக்குக் கொண்டுபோய்விட்டார். தண்ணீர்த்தொட்டி நிழலில், வெக்கை மட்டும் படுகிற இடமாகப் பார்த்து வைத்தாராம். கால் மணிக்கொரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு வந்து, லேசாத்தான் அசைஞ்சிருக்கு, இப்ப கால்வாசி ஏறியிருக்கு, பாதி ஏறிருச்சு என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார். நான் தூக்கத்துக்குள்ளிருந்து கேட்பேன். ஒரு பஸ்ஸின் கடைசி நீள சீட்டில் நான் படுத்திருப்பது போலவும், அவர் எனக்காக ரொம்ப மெதுவாக ஓட்டுவது போலவும், வெளியே பூக்காடு வாசமே இல்லாமல் வெள்ளையாகப் போய்க்கொண்டே இருப்பது போலவும் இருந்தது.

கடைசித் தடவை இறங்கி வந்தவர் திரும்பிப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, நல்ல காது என் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார்ந்தார்.

“ஒங்க அத்தையும் இப்புடித்தான் தாயி படுத்துக் கெடந்தா,” என்றார்.

என் கணவர் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால். இதே அறை, இதே ஜன்னல். ஏழு மாதம் வரைக்கும் படுத்தும் பிள்ளை தங்கவில்லை. பெண்பிள்ளை. அப்போது மாமாவுக்கு நிலக்கோட்டை வழியில் தினமும் விடியற்கால முதல் டிரிப். பூ மூட்டை ஏற்றிக்கொண்டு இருட்டோடு கிளம்பினால் சாயங்காலம்தான் வீடு. அத்தை தனியாகத்தான் கிடந்திருக்கிறார். என்ன சாப்பிட்டதால் ஆயிற்று, எதைத் தொட்டதால் ஆயிற்று என்று பிறகு ஒரு வருடம் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. என் கணவருக்கே அரைகுறையாகத்தான் தெரியும் என்றார்.

“அப்ப நான் ஒரு நாளு லீவு போடல. கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. நான் கேக்கல.”

அந்தப் பப்பாளியும் எள்ளும் பட்டையும் என் கண்முன்னால் வேறு மாதிரி வரிசையில் நின்றன. அதிகாரம் என்று நான் நினைத்ததெல்லாம் பயம். பிறகு அவர் எழுந்துபோய் மாவை எடுத்துவந்தார். பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டிப் பொங்கியிருந்தது. துணியைத் தூக்கியதும் பெருமூச்சு விட்ட மாதிரி மெல்ல அமுங்கியது.

பலகையில் விரித்து, வெண்ணெய் தடவி, சர்க்கரையையும் பட்டைத்தூளையும் தூவினார். தூள் கொஞ்சமாகப் போதும் என்றேன். சுருட்டியதைக் கத்தியால் வெட்டினால் நசுங்கியது. வீடியோக்காரி நூலால் வெட்டியது ஞாபகம் வந்தது. பூக்கார அக்காவிடம் போய்ப் பூக்கட்டுகிற நூலில் ஒரு முழம், வாசம் படாத புது நூலாகக் கேட்டு வாங்கிவந்தார். அடியில் கொடுத்துக் குறுக்கே இழுத்தால் சத்தமில்லாமல் அறுந்தது. ஏழு சுருள். ஒரு கிண்ணத்தில் வட்டமாக அடுக்கி, கொஞ்ச நேரம் மறுபடி உப்பவிட்டு மூடி, அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் இறக்கியபோது கரண்ட் வந்தது.

ஆவி கட்டி, நேரம் ஓடி முடிந்து, மாமா மூடியைத் திறக்கும்போது மணி ஐந்து. அந்த வாசத்தை எப்படிச் சொல்வது? அறை முழுக்க இளஞ்சூடாக, பழுப்பாக, தொட்டுப் பார்க்கலாம் போல நின்றது. அந்த வாசத்துக்குள்தான் அத்தை வந்தார். பள்ளிக்கூடப் பை தோளில் தொங்க, வாசற்படியில் நின்று குக்கரையும் மைதா அப்பிய மாமாவின் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நான்தான் கேட்டேன் அத்தை,” என்றேன்.

“பெசஞ்சது யாரு?”

“நான்தான்,” என்றார் மாமா.

அத்தை பையை இறக்கி வைத்துவிட்டு வந்து என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் படுத்த நாளிலிருந்து அவர் அந்த அறையில் உட்கார்ந்ததே இல்லை. சாப்பாட்டை வைப்பார், மாத்திரை கொடுப்பார், போய்விடுவார். ஏன் என்று இப்போது தெரிந்தது. சுருள் வெள்ளையாக, இட்லிக்கும் பன்னுக்கும் நடுவில் ஏதோவாக இருந்தது. ஒன்றைப் பிரித்து எடுத்து, சுருளின் வெளிப்பக்கத்திலிருந்து உரித்து உரித்துச் சாப்பிட்டார். நாங்கள் இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ஒங்களுக்கு மாவு பெசையத் தெரியும்னு எனக்கு இம்புட்டு நாளாத் தெரியாது,” என்றார் மாமாவிடம். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை நடுப்பகுதியை, தூள் அதிகம் இருக்கிற இடத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, இன்னொரு சுருளின் ஓரத்தைப் பிய்த்து எனக்கு ஊட்டினார். “பாதிதான். மிச்சம் ஒங்க மாமாவுக்கு,” என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டில் ஓரத்தில் உட்காருவது அவர் வழக்கமாகிவிட்டது. பரீட்சைப் பேப்பரை என் காலடியில் பரப்பித் திருத்துவார். பசங்கள் எழுதியிருக்கிற கூத்தை வாசித்துக் காட்டுவார். மாமா டீ கொண்டுவருவார். மசக்கை எந்த நாளில் போனதென்று எனக்கு நினைவில்லை. முப்பத்தேழாவது வாரத்தில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண்பிள்ளை. இரண்டே முக்கால் கிலோ.

என்ன பெயர் வைப்பது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, நான் ஒரு மத்தியானம் தயங்கித் தயங்கி அத்தையிடம் கேட்டேன், அந்தப் பிள்ளைக்கு ஏதாவது நினைத்து வைத்திருந்தீர்களா என்று. பிள்ளை அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெயரைச் சொன்னார். நல்ல பெயர். அதையே இவளுக்கு வைத்துவிடலாமா என்றேன்.

“வேணாம்,” என்றார் அத்தை. “அது அவ பேரு.”

பிள்ளையின் பிடரியில் வியர்த்திருந்ததை முந்தானையால் ஒற்றி எடுத்துவிட்டு, இவளுக்குப் புதிதாக ஒன்று யோசிப்போம் என்றார். அன்று மாலை முழுக்க நாங்கள் பெயர்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.